பௌன் தெருப் பிள்ளையார்

நியூயார்க் மாநகரின் சுரங்க ரயில்களுள் 7-ஆம் எண் வண்டி பெரும்பாலான தூரம் சுரங்கத்தில் ஓடுவதில்லை. மன்ஹாட்டன் தீவையும் கிழக்காற்றையும் நிலத்தடியில் கடந்து குவீன்ஸ் பகுதியை எட்டியதும், இரும்புத் தூண்களின் மீது ஏறிக்கொண்டு மாடி ஜன்னல்களின் உயரத்திலேயே செல்கிறது. நிலையத்துக்கு நிலையம் கீழே கடைப் பலகைகளின் எழுத்து மாறுகிறது. ஓரிடத்தில் ஸ்பானிய மொழி, ஓரிடத்தில் வங்காளம், ஜாக்சன் ஹைட்ஸ் அருகே இந்தியப் புடவைக் கடைகளும் பலகாரக் கடைகளும். கடைசி நிலையமான பிளஷிங் மெயின் தெருவில் இறங்கிப் படியேறினால் எங்கு நோக்கினும் சீன எழுத்து. நடைபாதையில் கீரைக்கட்டும் பழக்கூடையும் நிரம்பிக் கிடக்க, அவற்றினூடே மக்கள் வெள்ளம்.

அந்த நெரிசலிலிருந்து கிழக்கே சில தெருக்கள் தள்ளிச் சென்றால் வடக்கு தெற்காக நீளும் பௌன் தெருவை அடையலாம். அதன் தென்பகுதியில், எளிய வீடுகளுக்கும் செங்கல் அடுக்ககங்களுக்கும் நடுவே, கோபுரத்துடன் எழுந்து நிற்கிறது ஸ்ரீ மகாவல்லப கணபதி தேவஸ்தானம். அமெரிக்க மண்ணில் ஆகம முறைப்படி எழுந்த முதல் ஆலயங்களுள் ஒன்று இது. நடுநாயகமாக மகாவல்லப கணபதி வீற்றிருக்க, சிவபெருமான், பார்வதி தேவி, வேங்கடாசலபதி, மகாலட்சுமி, சண்முகர், நவக்கிரகங்கள் எனப் பரிவாரம் முழுமையும் ஒரே கூரையின் கீழ் அருள்பாலிக்கிறது. 2022-ஆம் ஆண்டு நகராட்சி இத்தெருப் பகுதிக்குக் ‘கணேஷ் கோயில் தெரு’ என்று துணைப் பெயர் சூட்டியது. தெருமுனைக் கம்பத்தில் பழைய பெயர்ப் பலகையோடு அந்தப் பலகையும் சேர்ந்து நிற்கிறது.

மே மாதம் பிறந்தால் இந்த ஆலயத்தில் ஒரு புதுக் கூட்டம் தெரியும். பட்டமளிப்பு முடிந்த இளைஞர்கள், அவர்களைக் காண ஊரிலிருந்து வந்த பெற்றோர், சில வேளைகளில் தாத்தா பாட்டிமார். பட்டம் பெற்றாயிற்றே, இனி என்ன கவலை என்றுதான் ஊரில் உள்ளவர்கள் நினைப்பார்கள். உண்மையில் கவலை தொடங்குவதே அப்போதுதான். மாணவராக நாட்டுக்குள் நுழைந்தவர், படிப்பு முடிந்த மறுநாள் வேலைக்குச் சென்றுவிட முடியாது. அரசு தரும் வேலை அனுமதி அட்டை கைக்கு வரவேண்டும். அதில் குறித்த நாளும் பிறக்கவேண்டும். அதற்கு முன் ஒரு மணி நேரம் ஊதியத்துக்கு உழைத்தாலும் விதிமீறல். பட்டத்துக்கும் அட்டைக்கும் இடையிலுள்ள அந்தச் சில மாதங்களில்தான் பௌன் தெருப் பிள்ளையாருக்கு அருகம்புல் மாலைகள் மிகுதியாகச் சாற்றப்படுகின்றன.

2025-ஆம் ஆண்டு மே மாதம் அப்படி வந்தவர்களுள் ஒரு முதிய தம்பதியர் இருந்தனர். காரைக்குடிப் பக்கத்துக் கிராமம். பெரியவர் அஞ்சல் துறையில் போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது 76. பேத்தி நியூஜெர்சியில் கட்டடப் பொறியியலில் முதுகலைப் பட்டம் பெற்றதைக் காண ஆச்சியுடன் வந்திருந்தார். தங்கியது ஜாக்சன் ஹைட்ஸில், பேத்திக்குச் சித்தப்பா முறையாகும் உறவினர் வீட்டில். மே 24, சனிக்கிழமை காலை பேத்தி அவர்களை 7-ஆம் எண் வண்டியில் ஏற்றிப் பிளஷிங்குக்கு அழைத்து வந்தாள்.

கோயிலுக்கு நேரே போகாமல், தெருவின் வடகோடியிலுள்ள ஒரு பழைய மரவீட்டை அவர்கள் முதலில் பார்த்தார்கள். அப்படிப் பார்த்தது பொருத்தமே. தெருவுக்குப் பெயர் தந்த ஜான் பௌன் 1661-ஆம் ஆண்டு வாக்கில் கட்டிய வீடு அது. இன்று நினைவில்லமாகக் காக்கப்படுகிறது. அக்காலத்தில் இந்நிலம் டச்சுக்காரர் வசம் இருந்தது. பிளஷிங் என்ற பெயரே விலிசிங்கன் என்ற டச்சு ஊர்ப்பெயரின் திரிபு. ஆளுநராக இருந்த பீட்டர் ஸ்டைவெசன்ட், தம் திருச்சபைக்குப் புறம்பான வழிபாட்டைப் பொறுக்காதவர். குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவினருக்கு இடம் தருவோர் தண்டிக்கப்படுவர் என்று ஆணையிட்டார். அதை எதிர்த்து 1657 டிசம்பர் 27 அன்று இவ்வூரார் ஏறக்குறைய 30 பேர் ஒரு முறையீட்டில் கையெழுத்திட்டனர். இதில் வியப்பு என்னவென்றால், கையெழுத்திட்டவர்கள் குவேக்கர்கள் அல்லர். பிறருடைய வழிபாட்டுக்காகத் தம் பெயரைத் தாளில் எழுதித் தண்டனை ஏற்றவர்கள்.

ஐந்தாண்டு கழித்து, 1662-இல், ஜான் பௌன் தம் வீட்டிலேயே குவேக்கர்கள் கூடி வழிபட இடம் தந்தார். பிடித்தார்கள், அபராதம் விதித்தார்கள். கட்ட மறுத்ததால் சிறையிலிட்டு, முடிவில் கப்பலேற்றி நாடு கடத்தினார்கள். மனிதர் சோர்ந்துவிடவில்லை. ஹாலந்து சென்றடைந்து, இக்குடியேற்றத்தை நடத்திய டச்சு மேற்கிந்தியக் கம்பெனியின் வாசலிலேயே மனுப் போட்டார். அங்கும் காத்திருப்புத்தான். 1663-இல் கம்பெனி அவருக்குச் சாதகமாக முடிவெடுத்து, மக்களை அவரவர் மனச்சான்றின்படி விட்டுவிடுமாறு ஆளுநருக்கு எழுதியது. 1664 தொடக்கத்தில் பௌன் தம் வீட்டுக்குத் திரும்பி வந்தார்.

அந்தத் தெருவில் இன்று கிறித்தவ ஆலயம் இருக்கிறது. சுவாமிநாராயண் மந்திர் இருக்கிறது. சிறிது தொலைவில் யூதர்களின் வழிபாட்டு மன்றமும் இருக்கிறது. தென்கோடியில் பிள்ளையார் இருக்கிறார். ஒருவர் மனுக் கொடுத்துக் காத்திருந்து அனுமதியோடு திரும்பிய தெருவில் விக்னேசுவரர் வந்து அமர்ந்தது தற்செயல் என்று சொல்வார் சொல்லட்டும்.

பிள்ளையாருக்கும் அனுமதி தேவைப்பட்டது. 1946-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவிலிருந்து அமெரிக்காவில் குடியேற அனுமதிக்கப்பட்டவர் ஆண்டுக்கு வெறும் 100 பேர். 1965-இல் வந்த புதிய சட்டம் நாட்டுவாரியான அந்தக் குறுகிய கணக்கை நீக்கியது. மருத்துவர்களும் பொறியாளர்களும் வரத் தொடங்கினர். வந்தவர்களுக்கு வேலை கிடைத்தது, வீடு கிடைத்தது, கோயில் இல்லை. ஐக்கிய நாடுகள் சபையில் பணியாற்றிய, செட்டிநாட்டைச் சேர்ந்த அழகப்பா அழகப்பன் தம்மொத்தவர்களுடன் கூடி 1970 ஜனவரி 26 அன்று வட அமெரிக்க இந்துக் கோயில் சங்கத்தைப் பதிவு செய்தார். பௌன் தெருவில் ரஷ்யக் கிறித்தவ ஆலயமாக இருந்த ஓரிடத்தை வாங்கினார்கள். 1977 ஜூலை 4, அமெரிக்காவின் சுதந்திர தினத்தன்று, கும்பாபிஷேகம் நிகழ்ந்தது.

செட்டிநாட்டார் ஒருவர் கடல் கடந்து போய்க் கோயில் எழுப்பியதில் காரைக்குடிப் பெரியவருக்கு வியப்பில்லை. கொண்டுவிற்கப் போன இடமெல்லாம் கோயில் கட்டியவர்கள் நகரத்தார். சிங்கப்பூர்த் தண்டாயுதபாணி கோயில் 1859-லேயே எழுந்தது. பெரியவரின் தந்தையாரும் ரங்கூன் மொகல் தெருக் கிட்டங்கியில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து ஏஜெண்டு வரை உயர்ந்தவர். அக்காலத்தில் சம்பளச் சீட்டு எழுதிக்கொண்டுதான் கப்பலேறுவார்கள். வழக்கமாக மூன்று ஆண்டுக் கணக்கு. முடிந்தால் ஊர் திரும்பிச் சில காலம் இருந்து, மறுபடி சீட்டு எழுதிக்கொண்டு புறப்பட வேண்டும். “மூணு வருசத்துல வந்துருவாகன்னு நாள எண்ணிக்கிட்டே கெடப்பாக எங்க ஆத்தா” என்று பெரியவர் சன்னதியில் வரிசையில் நிற்கும்போது பேத்தியிடம் சொன்னார். பேத்தி சிரித்தாள். “எனக்கும் மூணு வருசந்தான் ஐயா. அதுவும் பிச்சுப் பிச்சுத் தருவாங்க.”

அவள் சொன்னது சரியே. ஓபிடி எனப்படும் இந்த அனுமதி, படித்த துறையிலேயே வேலை செய்து பழகுவதற்காக மாணவருக்குத் தரப்படுவது. முதலில் 12 மாதம். அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் ஆகிய துறைகளில் பட்டம் பெற்றவர்கள் மேலும் 24 மாதம் நீட்டித்துக்கொள்ளலாம். 2008-இல் இந்நீட்டிப்பு 17 மாதமாகத் தொடங்கி 2016-இல் 24 ஆயிற்று. ஆக மொத்தம் 36 மாதம். ரங்கூன் கிட்டங்கிக்கு எழுதிய சீட்டின் கணக்கும் அதுவே.

அர்ச்சனை முடிந்து, பிரகாரம் சுற்றி வந்து, கோயிலின் கீழ்த்தளத்திலுள்ள உணவுக்கூடத்துக்கு இறங்கினார்கள். இந்த உணவுக்கூடத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். தோசைக்காகவே மன்ஹாட்டனிலிருந்து ரயிலேறி வருபவர்கள் உண்டு. பக்தியில்லாதவர்களையும் பிள்ளையார் இந்த வழியாகத் தம் வாசலுக்கு வரவழைத்துவிடுகிறார். தட்டை எடுத்துக்கொண்டு அமர்ந்தால் பக்கத்து மேசையில் காதில் விழும் பேச்சு தமிழ், தெலுங்கு, கன்னடம், ஆங்கிலம். மே மாதத்தில் எல்லா மொழியிலும் ஒரே சொல்: அட்டை வந்ததா?

பேத்தி தன் பையிலிருந்த கோப்பை எடுத்து, ஐயா கேட்டதற்காக ஒவ்வொரு தாளாகக் காட்டினாள். நாற்பது ஆண்டு பதிவுத் தபாலும் மணியார்டரும் பார்த்தவர் அவர். தாள் என்றால் முதலில் தேதியைத்தான் பார்ப்பார். ஐ-20 என்ற படிவம், அவள் மாணவி என்பதற்குப் பல்கலைக்கழகம் தரும் சான்று. படிப்பு முடியும் நாள் மே 16. அதன் இரண்டாம் பக்கத்தில், இவளுக்கு வேலைப் பயிற்சி அனுமதி தரலாம் என்று பல்கலைக்கழகத்தின் அயல்நாட்டு மாணவர் அலுவலகம் செய்த பரிந்துரை. பரிந்துரை நாள் ஏப்ரல் 28.

“இனி நீ என்ன செய்யணும் ஆத்தா?”

“ஐ-765னு ஒரு விண்ணப்பம் போடணும் ஐயா. படிப்பு முடிஞ்சு 60 நாளைக்குள்ள போட்டாப் போதும். ஜூலை 15 வரைக்கும் இருக்கு. இந்த மாசக் கடைசியில வீடு காலி பண்றேன். புது விலாசம் முடிவானதும் போடலாம்னு இருக்கேன்.”

பெரியவர் தலையாட்டிவிட்டு அடுத்த தாளைப் புரட்டினார். ஐ-20 உடன் அலுவலகம் அனுப்பிய நீண்ட குறிப்பு. அதையும் அவள் அச்செடுத்து வைத்திருந்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரியின் மேல் அவர் விரல் நின்றது. விண்ணப்பம் 60 நாள் கெடுவுக்குள் போய்ச் சேர்வது மட்டும் போதாது. பரிந்துரை பதிவான நாளிலிருந்து 30 நாளுக்குள்ளும் போய்ச் சேரவேண்டும். ஏப்ரல் 28-லிருந்து எண்ணினால் மே 28. அன்று மே 24.

பேத்தியின் முகம் வெளிறியது. அவள் அந்தக் குறிப்பை ஒரு மாதமாகக் கைப்பேசியில் வைத்திருந்தாள். முதல் பக்கத்தோடு மூடிவிட்டிருந்தாள்.

இரு கெடுவும் தனித்தனி என்பதே இதிலுள்ள கண்ணி. காசோலை எழுதியவர் கணக்கில் பணம் நிறைய இருக்கும்; காசோலையின் மூன்று மாத ஆயுள் கழிந்தால் வங்கி அதைத் திருப்பிவிடும். அது போன்றதுதான் இதுவும். 30 நாள் கடந்தது முன்னரே தெரிந்தால், 60 நாள் கெடு தீருமுன் புதிய பரிந்துரை பெற்று விண்ணப்பித்துக்கொள்ளலாம். தெரியாமல் பழைய தாளோடு ஜூனில் விண்ணப்பித்தால் கட்டணம் வாங்கிக்கொள்ளப்படும், ரசீது எண் வரும், மாதக் கணக்கில் காத்திருக்கலாம். பிறகு மறுப்புக் கடிதம் வரும். அதற்குள் 60 நாளும் போய்விட்டிருக்கும். புதிதாகக் கேட்க வழியிராது, மூட்டை கட்டவேண்டியதுதான். வேண்டுமென்று தவறு செய்து வாய்ப்பை இழப்பவர்களைவிட, ஒரு வரியைப் படிக்காமல் இழப்பவர்களே இங்கு மிகுதி என்று கருதத் தோன்றுகிறது.

இந்தப் பெண்ணின் படிப்புக்காக ஊரில் வங்கிக் கடன் வாங்கியிருந்தார்கள். பெரிய தொகையானதால் குடும்பத்தின் வீட்டுப் பத்திரம் ஈடாக இருந்தது. படிப்பு முடிந்து ஓராண்டு கழிந்ததும் தவணை தொடங்கும். ரூபாயில் சம்பாதித்து அடைப்பதென்றால் எத்தனை ஆண்டாகும் என்பது மூவருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆச்சி மட்டும் எழுந்து, படியேறி, மறுபடியும் சன்னதிக்குப் போய் நின்றார்.

புது விலாசம் முடிவாகவில்லையே என்று பேத்தி தயங்கினாள். அதற்கும் விடை போஸ்ட்மாஸ்டரிடம் இருந்தது. “சித்தப்பா வீட்டு விலாசத்தக் குடு. மே/பா போட்டு எழுது. அதுக்குத்தானே மே/பா இருக்கு.” அந்தப் படிவத்திலும் அதற்கென ஒரு கட்டம் இருந்தது. திரும்பும் வழியில் ஒரு மருந்துக் கடையில் இரண்டு அங்குலச் சதுரப் புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். இந்நாட்டில் மருந்துக் கடையில்தான் பாஸ்போர்ட் படம் எடுக்கிறார்கள் என்பது ஆச்சிக்குப் பெரிய வேடிக்கை. அன்றிரவே ஜாக்சன் ஹைட்ஸ் வீட்டின் உணவு மேசையில் கணினியைத் திறந்து விண்ணப்பம் அனுப்பப்பட்டது. இணைய வழியில் கட்டணம் 470 டாலர். தாளில் எழுதி அனுப்பினால் 520. விரைவுச் சேவை வேண்டுவோர் 2025-இல் அதன்மேல் 1,685 டாலர் கட்டவேண்டியிருந்தது; கட்டினால் 30 வேலை நாளுக்குள் விடை கிடைக்கும். அந்தப் பணம் இருந்தால் நான்கு மாத வாடகையில் தன் பங்கைக் கொடுத்துவிடலாம் என்று பேத்தி அதை விட்டுவிட்டாள். ‘அனுப்பு’ என்ற கட்டத்தை அழுத்துமுன் ஐயா ஒவ்வொரு கட்டத்தையும் வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். வேலை தொடங்க விரும்பும் நாள் என்ற இடத்தில் ஜூலை 14 என்றிருந்தது. படிப்பு முடிந்த 60 நாளுக்குள் அந்த நாளும் அமையவேண்டும். ஒரு நாள் மிச்சம் வைத்திருந்தாள். “அதுவாச்சும் தெரிஞ்சுதே” என்றார்.

மறுநாள் காலை பெரியவர் செய்த முதல் வேலை, பேத்தியின் பெயரை வெள்ளைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதி, சித்தப்பா வீட்டுத் தபால் பெட்டியில் ஒட்டியதுதான். பெட்டியில் பெயர் இல்லையென்றால் தபால்காரர் திருப்பி எடுத்துப் போவதற்கு இடமுண்டு. எந்த நாட்டிலும் தபால்காரர் தபால்காரரே என்பது அவர் கட்சி. அதன் பிறகு அந்தத் தெருவின் தபால்காரருக்கும் அவருக்கும் ஒரு பழக்கம் ஏற்பட்டது. அமெரிக்கத் தபால் வண்டியில் மட்டும் நம் நாட்டைப் போல ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம் இருக்கும். இறங்காமலே பெட்டியில் கடிதம் போடுவதற்காக. அதைக் கண்டுபிடித்த நாளில் பெரியவருக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைப் பார்த்தவர்கள், அட்டையே வந்துவிட்டதோ என்று எண்ணினார்கள்.

காத்திருந்த வாரங்களில் அவர்கள் பலமுறை பௌன் தெருவுக்கு வந்தார்கள். சங்கடஹர சதுர்த்தியன்று அபிஷேகம் கண்டார்கள். கூட்டத்தில் யார் மாணவர் என்பது விரைவில் ஆச்சிக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. கைகூப்பி நிற்கும்போதும் ஒரு கை கைப்பேசியைத் தொட்டுக்கொண்டிருப்பவர்கள் அவர்கள்.

ஜூன் இறுதியில் ஊரிலிருந்து ஒரு மனத்தாங்கல் வந்தது. ஆவணியில் அத்தை மகனுக்குக் கல்யாணம். பேத்தி வரவேண்டும் என்று அத்தை பிடிவாதமாகச் சொன்னாள். வர இயலாது என்றதும், அமெரிக்கா போனதும் பாசம் போயிற்று என்று பேச்சு எழுந்தது. இது பல குடும்பங்களில் நடப்பது. விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது நாட்டை விட்டு வெளியேறுவது ஆபத்து. அட்டை வந்த பின்னும், வேலைக்கான கடிதம் இல்லாமல் வெளியே போனால் திரும்ப உள்ளே நுழையும்போது எல்லை அதிகாரி மறுக்கக்கூடும். அட்டை, வேலைக் கடிதம், ஆறு மாதத்துக்குள் பயணக் கையொப்பம் பெற்ற ஐ-20, காலாவதியாகாத விசா ஆகிய நான்கும் வேண்டும். ஊரிலிருப்பவர்களுக்கு இது தெரிய வழியில்லை. பிள்ளைகளும் தொலைபேசியில் இவ்வளவு விளக்குவதில்லை. கடைசியில் பெரியவரே மகளை அழைத்து அரைமணி நேரம் பேசினார். “ஒங்க பாட்டையா ரங்கூன்ல இருந்தப்ப அவுக தங்கச்சி கல்யாணத்துக்கே வரல. கணக்கு முடியல. அதுக்காக யாரும் அவுகள வையல” என்றார். அதன் பிறகு அந்தப் பேச்சு எழவில்லை.

ஜூலை 9 அன்று வெள்ளை உறை வந்தது. ரேகை எடுப்பதுபோல் உறையின் ஓரம் முழுவதும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பெரியவர் அதைப் பேத்தியின் கையில் கொடுத்தார். உள்ளே வங்கி அட்டை அளவில் ஓர் அட்டை, அவள் படம், மாதத்தை முதலில் எழுதும் அமெரிக்க முறையில் இரு தேதிகள்: 2025 ஜூலை 14 முதல் 2026 ஜூலை 13 வரை. ஆச்சி அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பூஜை அலமாரியில் பிள்ளையார் படத்தின் முன் வைத்தார். அன்று மாலை கொழுக்கட்டை.

அட்டை வந்தால் கவலை தீர்ந்தது என்று இங்கும் நினைத்துவிடக் கூடாது. அட்டையில் தொடக்க நாள் பிறந்ததிலிருந்து இன்னொரு கணக்கு ஓடத் தொடங்குகிறது. வேலையில்லாமல் இருக்கும் நாள்கள் மொத்தமாக 90-ஐத் தாண்டக் கூடாது. சனி, ஞாயிறு, விடுமுறை எல்லாம் அதில் சேரும். வேலையும் படித்த துறையோடு தொடர்புள்ளதாக, வாரத்துக்கு 20 மணி நேரத்துக்குக் குறையாததாக இருக்கவேண்டும். வயிற்றுப்பாட்டுக்கு ஏதோ ஒரு கடையில் நிற்பது இதில் சேராது. பேத்திக்கு 90-ஆம் நாள் அக்டோபர் 11 என்று பெரியவர் நாட்குறிப்பில் சிவப்பு மையால் எழுதினார். கீழே ஒன்று, இரண்டு என எண்கள் இடத் தொடங்கினார்.

45-ஆம் நாள் விநாயகர் சதுர்த்தி. விழாவின் நிறைவில் பிள்ளையார் தேரேறி பிளஷிங் தெருக்களில் உலா வருவது ஆண்டுதோறும் நிகழும் வைபவம். நாதசுரமும் தவிலும் ஒலிக்க, பட்டு உடுத்திய பெண்கள் முன்னே செல்ல, வடம் பிடித்து மக்கள் இழுக்கிறார்கள். சீனக் கடைக்காரர்கள் கடைவாசலில் நின்று கைப்பேசியில் படம் எடுக்கிறார்கள். போக்குவரத்தைக் காவலர் நிறுத்தி வைக்கிறார். வழிபாட்டுக்கு இடம் தந்த குற்றத்துக்காக ஒருவரைக் கப்பலேற்றிய ஊர் இது. பேத்தி வடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதுவரை 60 இடங்களுக்கு மேல் விண்ணப்பித்திருந்தாள். நான்கு இடத்தில் நேர்காணல். இரண்டில், எதிர்காலத்தில் விசாவுக்கு நிறுவனத்தின் ஆதரவு தேவைப்படுமா என்று கேட்டு, ஆம் என்றதும் பேச்சை முடித்துக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. நீண்டகால வேலைக்கான எச்-1பி விசா ஆண்டுக்கு 65,000. அமெரிக்காவில் முதுகலை முடித்தவர்களுக்குக் கூடுதலாக 20,000. கேட்போர் அதைப்போல் பன்மடங்கு.

செப்டம்பர் 6, 55-ஆம் நாள், பெரியவரும் ஆச்சியும் ஊர் திரும்பினார்கள். விமான நிலையத்தில் ஆச்சி எதுவும் பேசவில்லை. பெரியவர் நாட்குறிப்பைப் பையில் வைத்தபடியே, “நாளைக்கு 56” என்று மட்டும் சொன்னார்.

ஊரில் ஒருநாள் விடியற்காலை தொலைபேசி ஒலித்தது. நியூஜெர்சியில், பாலங்களின் உறுதியைச் சோதித்துச் சான்று தரும் ஒரு நிறுவனத்தில் வேலை. செப்டம்பர் 22-இல் சேரவேண்டும். செலவான நாள்கள் 70, மிச்சம் 20. சேர்ந்த பத்து நாளுக்குள் நிறுவனத்தின் விவரத்தைப் பதிவு செய்துவிடு என்று ஐயா நினைவூட்டினார். பிறகு, 24 மாத நீட்டிப்புக்குத் தகுதியான நிறுவனந்தானா, அரசின் இ-வெரிஃபை பட்டியலில் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டார். சேர்ந்திருக்கிறது, அவள் முதல் நேர்காணலிலேயே கேட்டுவிட்டிருந்தாள். ஆச்சி பிள்ளையார்பட்டிக்கு வண்டி சொல்லச் சொன்னார்.

கற்பக விநாயகரைத் தரிசித்துத் திரும்பிய பிற்பகலில் பெரியவர் நாட்குறிப்பின் புதுப் பக்கத்தைத் திறந்தார். அட்டை முடியும் நாள் 2026 ஜூலை 13. நீட்டிப்புக்கு அதற்கு 90 நாள் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். விரல் விட்டு ஒருமுறை எண்ணினார். ஏதோ பிசகென்று, பஞ்சாங்கத்தை எடுத்துவைத்துக்கொண்டு மறுமுறை எண்ணினார். ஏப்ரல் 14. பஞ்சாங்கத்தில் அந்த நாளுக்கு நேரே சித்திரை 1, பராபவ வருடப் பிறப்பு என்று போட்டிருந்தது. சிவப்பு மையை எடுத்து அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.